மெய்க்கீர்த்தியும் நடுகல்லும்

எங்கள் மாமா ஒருவர் இருக்கிறார். திருச்சுழியிலிருந்து குண்டாற்றைத் தாண்டி ஐந்தாறு மைல் உள்ளே போனால் வருகிற ஒரு கிராமம் அவருடையது. ஊரில் அவருக்கு 'ஏர்போர்ஸ்காரர்' என்று பெயர். விமானப் படையில் இருபது வருஷம் என்ஜின் பிட்டராக இருந்துவிட்டு வந்தவர். வந்தும் நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது வயது எண்பதை நெருங்குகிறது.

சித்திரை மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய புத்தகம். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படங்கள். அவர் வேலை பார்த்த ஸ்குவாட்ரனின் சரித்திரம் அது. வடக்கே உத்தியோகத்தில் இருக்கிற பேரன் வாங்கி அனுப்பியிருக்கிறான். மாமா காதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார்.

"வா மாப்ளே, உக்காரு. நீ புஸ்தகம் எழுதுறவன்தானே. இது நல்ல புஸ்தகமா இல்லையான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

"நீங்க படிச்சிட்டீங்களா மாமா?"

"ரெண்டு தடவை."

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா அதுல நாங்க ஒருத்தரும் இல்லை."

நான் பத்திரிகைகளில் எத்தனையோ புத்தக விமரிசனங்கள் எழுதியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக ஒன்றும் எழுதியதில்லை. அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து படித்தேன். அதே வகையைச் சேர்ந்த வேறு சில புத்தகங்களையும் தேடிப் படித்தேன். மாமா ஒரு வரியில் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதப் போகிறேன். அவருடைய ஸ்குவாட்ரன் எது, புத்தகம் எது என்று சொல்லப் போவதில்லை. குற்றம் ஒரு புத்தகத்தின் குற்றமல்ல. அந்த வகை முழுவதற்கும் பொதுவானது.

முதலில் இந்த வகை என்னவென்று பார்க்கலாம். தமிழில் இது இல்லாததால் விளக்க வேண்டியிருக்கிறது. ஸ்குவாட்ரன் என்பது விமானப் படையின் ஒரு குடும்பம். சண்டை விமான ஸ்குவாட்ரன் என்றால் பதினாறிலிருந்து பதினெட்டு விமானங்கள் இருக்கும். ஓட்டுகிறவர்கள் இருபது முப்பது பேர். தரையில் நிற்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் ஒரு நம்பர், ஒரு சின்னம், ஒரு பட்டப் பெயர், ஒரு வாசகம் உண்டு. ஒன்றுக்குச் சண்டை போடுகிற வேலை. ஒன்றுக்குச் சாமான் சுமக்கிற வேலை. ஒன்றுக்கு எதிரியின் நிலையைப் படம் பிடித்து வருகிற வேலை. ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களை 'யூனிட்' என்கிறார்கள். இந்தக் குடும்பங்கள் எப்போது பிறந்தன, எந்தெந்த ஊரில் இருந்தன, எந்த விமானங்களை ஓட்டின, எந்தச் சண்டையில் என்ன செய்தன என்று எழுதுவதே ஸ்குவாட்ரன் சரித்திரம். இங்கிலீஷில் இது பெரிய வியாபாரம்.

நம் நாட்டு விமானப் படை 1932 அக்டோபர் 8-ல் சட்டப்படி பிறந்தது. முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1-ல் கராச்சியில் ஆரம்பமானது. அப்போது இருந்தவை நான்கு 'வாபிட்டி' விமானங்கள். இரட்டை இறக்கையும் திறந்த இருக்கையுமாக, இன்றைக்குப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது ஒன்பது ஸ்குவாட்ரன்கள் ஆகியிருந்தன. பர்மா யுத்தத்துக்காக 1945-ல் மன்னர் கொடுத்த 'ராயல்' என்ற அடைமொழி, 1950-ல் குடியரசு வந்ததும் போயிற்று. இந்தக் கதையை ரானா சின்னா 'தி ஈகிள் ஸ்டிரைக்ஸ்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

இந்தக் குடும்பங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. விமானங்கள் பழசாகி, ஆட்கள் கலைந்து, ஸ்குவாட்ரன் இல்லாமலே போய்விடலாம். ஆனால் நம்பர் சாவதில்லை. அதை எடுத்துப் பத்திரமாக வைத்து, வருஷங்கள் கழித்து வேறு ஊரில், வேறு விமானத்தில், வேறு மனிதர்களிடம் உயிர்ப்பிப்பார்கள். நம் சித்தர் கதைகளில் வருகிற கூடுவிட்டுக் கூடு பாய்கிற வித்தைதான். 18-ம் நம்பர் ஸ்குவாட்ரன் 1965-ல் 'நாட்' என்ற சின்னஞ்சிறு சண்டை விமானங்களுடன் பிறந்தது. 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகருக்கு மேலே தனியாகப் பல விமானங்களை எதிர்த்து மாண்ட நிர்மல்ஜித் சிங் செகோன் அந்த ஸ்குவாட்ரன்காரர். விமானப் படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். 2016-ல் அந்த ஸ்குவாட்ரன் மூடப்பட்டது. 2020-ல் நம் கோயமுத்தூர்ப் பக்கத்துச் சூலூரில் 'தேஜஸ்' விமானங்களோடு மறுபடி பிறந்தது. செகோன் ஏறிய விமானமும் இல்லை. அவரைத் தெரிந்த ஆளும் இல்லை. ஆனாலும் அந்த ஸ்குவாட்ரனில் இன்று பறக்கிற இளைஞன் செகோனை 'எங்கள் ஸ்குவாட்ரன்காரர்' என்கிறான். இதைச் சாத்தியமாக்குவது எழுத்து ஒன்றுதான். எழுதி வைத்த சரித்திரம் இல்லாவிட்டால் நம்பர் வெறும் நம்பர். ஆகவே இந்தப் புத்தகங்களை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது.

இப்படி எழுதுவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கதையைச் சொல்வேன்.

1965 செப்டம்பர் 7. விடியற்காலை இருட்டில், ஆதம்பூரிலிருந்து முதல் நம்பர் ஸ்குவாட்ரனின் 'மிஸ்டேர்' விமானங்கள் சர்கோதாவைத் தாக்கப் புறப்பட்டன. பன்னிரண்டு விமானங்கள் போவதாக ஏற்பாடு. குடகு நாட்டுக்காரரான ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா மாற்று ஆள். யாராவது போக முடியாவிட்டால் அந்த இடத்தில் போக வேண்டியவர். அன்று அவரும் போனார். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. என்ன ஆனார் என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. 'காணவில்லை' என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

பதினான்கு வருஷம் கழித்து, 1979-ல், ஜான் பிரிக்கர் என்ற ஆங்கிலேயர் பாகிஸ்தான் விமானப் படையின் தரப்பிலிருந்து அந்த யுத்தத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அன்று காலை ஒரு 'ஸ்டார்பைட்டர்' விமானத்தை ஒரு மிஸ்டேர் எதிர்த்து நின்று சுட்டு வீழ்த்தியது என்று அதில் இருந்தது. ஸ்டார்பைட்டர் சப்தத்தைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகக்கூடியது. மிஸ்டேருக்கும் அதற்கும் கட்டை வண்டிக்கும் காருக்கும் உள்ள வித்தியாசம். கணக்குப் பார்த்தால், அப்படி எதிர்த்து நின்ற மிஸ்டேர் தேவய்யாவுடையதாகத்தான் இருக்க முடியும். அதன் பிறகு விசாரித்து, 1988-ல், அவர் இறந்து இருபத்து மூன்று வருஷம் கழித்து, மகாவீர் சக்கரத்தை அவர் மனைவியிடம் கொடுத்தார்கள்.

எதிரியின் கதையைக் கேட்டு எழுதிய புத்தகம் ஒன்று வராதிருந்தால், தேவய்யா இன்றைக்கும் 'காணவில்லை' தான். யுத்த சரித்திரம் எழுதுகிறவனுக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. நிற்க.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். ராஜராஜ சோழன் தன் கல்வெட்டுகளின் தலைப்பில் மெய்க்கீர்த்தி என்று ஒன்றைப் பொறிக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தான். ஜெயித்த நாடுகளின் பட்டியல் அது. பட்டம் ஏறி வருஷங்கள் ஆக ஆக மெய்க்கீர்த்தியும் நீண்டுகொண்டே போகும். அழகான தமிழ்; கம்பீரமான நடை; சரித்திரக்காரர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் எந்த மெய்க்கீர்த்தியிலும் எந்த ராஜாவும் தோற்றதில்லை. எந்தப் படையும் பசித்ததில்லை.

நான் படித்த ஸ்குவாட்ரன் சரித்திரங்களில் பெரும்பாலானவை மெய்க்கீர்த்திகள். தளபதிகளின் வரிசை, விமானங்களின் வரிசை, பதக்கங்களின் வரிசை. ஜனாதிபதி கொடி கொடுத்தது, பொன்விழா, அணிவகுப்பு. வெற்றிக்கு ஒரு அத்தியாயம், இழப்புக்கு ஒரு வாக்கியம். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் 1965 விமான யுத்தத்தைப் பற்றி 2005-ல் வெளியிட்ட புத்தகத்தைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் 1 மாலை, சாம்ப் பகுதியில் நம் படை நெருக்கடியில் இருந்தபோது, பதான்கோட்டிலிருந்து 45-ம் நம்பர் ஸ்குவாட்ரனின் 'வாம்பயர்' விமானங்களை அனுப்பினார்கள். அவை காலம் கடந்துபோன பழைய விமானங்கள். நான்கு வாம்பயர்கள் திரும்பவில்லை. அதே 45-ம் நம்பர்தான் 2016-ல் முதல் தேஜஸ் ஸ்குவாட்ரனாக உயிர்பெற்று, 2018-ல் சூலூருக்கு வந்தது. அந்தச் செப்டம்பர் மாலையை இந்த இரு ஆசிரியர்களும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அதனால் அந்த ஸ்குவாட்ரனுக்கு மதிப்புக் குறைந்துவிட்டதா? கூடித்தான் இருக்கிறது. பழைய விமானம் என்று தெரிந்தே ஏறினவர்களின் தைரியம் அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. தோல்வியை மறைத்தால் வீரமும் சேர்ந்து மறைந்துபோகும் என்பது இந்த மாதிரி எழுதுகிறவர்கள் பலருக்கும் தெரிவதில்லை.

இரண்டாவது குறை, எல்லாரும் சண்டை விமானத்தையே பார்க்கிறார்கள். 1947 அக்டோபர் 27 காலை டில்லியிலிருந்து சீக்கியப் படையை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டக்கோட்டா விமானங்கள் சாமான் விமானங்கள்தான். 1962 சீன யுத்தத்தில் சண்டை விமானங்களைத் தாக்குதலுக்கு அனுப்பவே இல்லை. அன்று வேலை செய்தவை சாமான் விமானங்களும் ஹெலிகாப்டர்களுமே. 'ஏ.என்.12' என்ற பெரிய விமானங்களில் டாங்கிகளை ஏற்றி லடாக்கின் சுஷூலில் கொண்டுபோய் இறக்கினார்கள். கடல் மட்டத்திலிருந்து பதினாலாயிரம் அடிக்கு மேலே உள்ள இடம். ஆனால் புத்தகக் கடையில் போய்ப் பாருங்கள். சண்டை விமானங்களுக்கு ஒரு அலமாரி. சாமான் சுமந்தவற்றுக்கு ஒரு மூலை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் படம் பிடிக்கிறவன் சமையற்காரனைப் படம் பிடிக்கமாட்டான், அது மாதிரி.

மூன்றாவதுதான் மாமா சொன்னது.

அவர் 1964-ல் சேர்ந்தவர். சீன யுத்தத்துக்குப் பிறகு படையைப் பெருக்கிய காலம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை பேய்ந்தால் பருத்தி, மிளகாய், கம்பு; பேயாவிட்டால் பட்டாளம். அருப்புக்கோட்டைக்குள் இருந்தால் தறியோ மில்லோ உண்டு. கிராமத்துப் பையனுக்கு அதுவும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த மாமா, கண்மாய் வறண்ட ஒரு வருஷத்தில், மஞ்சள் பையோடு ரயில் ஏறினார். தாம்பரத்தில் பயிற்சி. பிறகு இருபது வருஷம் வடக்கே. என்ஜின் சூட்டிலும், பனியிலும், ரொட்டியிலும்.

விமானம் பறக்கிறதென்றால் ஓட்டுகிறவன் ஒருவன் போதும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மாமா எனக்கு விளக்கினார். இறங்கின விமானத்தை மறுபடி பறக்கத் தயார் செய்ய என்ஜின்காரன், உடற்பகுதிக்காரன், மின்சாரக்காரன், ரேடியோக்காரன், ஆயுதக்காரன் என்று ஆளுக்கு ஆள் வேண்டும். ஒவ்வொருவனும் தன் பங்கைப் பார்த்து முடித்து, 'எழுநூறு' என்கிற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் விமானி வந்து, அந்தக் கையெழுத்துகளைப் பார்த்து, தானும் கையெழுத்துப் போட்டு ஏற வேண்டும். "எங்க கையெழுத்து இல்லாம ஒரு விமானமும் தரையை விட்டுக் கிளம்பாது மாப்ளே. நான் சரின்னு போட்டதை நம்பித்தான் அந்தப் பையன் ஏறுறான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது" என்றார்.

ஸ்குவாட்ரன் சரித்திரம் எழுதுகிறவர்கள் எதைப் பார்த்து எழுதுகிறார்கள்? மாதாமாதம் தளபதி எழுதி அனுப்புகிற வேறொரு படிவம் இருக்கிறது. அதன் நம்பர் 540. எத்தனை தடவை பறந்தார்கள், யார் வந்தார், யார் போனார், என்ன நடந்தது என்கிற குறிப்பு அது. சரித்திரம் 540-லிருந்து பிறக்கிறது. மாமாவின் கையெழுத்தோ 700-ல் இருக்கிறது. 540 காப்பகத்துக்குப் போகும். விமானம் ஓய்ந்தால் 700-க்கு வேலை இல்லை. அவ்வளவுதான் விஷயம். சரித்திரக்காரர் யாரும் வஞ்சம் வைத்து மாமாவை விட்டுவிடவில்லை. தம் கைக்கு வந்த காகிதத்தை நம்பினார். வராத காகிதத்தைத் தேடவில்லை. இது ஸ்குவாட்ரன் சரித்திரத்துக்கு மட்டுமா? எந்தச் சரித்திரமும் இப்படித்தான் ஆளை விடுகிறது.

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், பணியில் உயிர்விட்டவர்களின் பட்டியல் இருக்கிறது. கட்டம் கட்டி, விமானத்தின் நிழற்படத்தின்மேல் அச்சிட்டது. எல்லாரும் விமானிகள். மாமா அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தார்.

"இவரு யாரு மாமா?"

மாமா உடனே பேசவில்லை. 1971 டிசம்பர், இருட்டடிப்பு. விளக்கு ஒன்றும் போடக் கூடாது. விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புகிற லாரி பின்னோக்கி வந்தது. பின்னால் நின்றவன் ஒரு பிகாரிப் பையன், மின்சாரப் பிரிவு. மாமாவுக்கு அடுத்த கட்டிலில் படுத்தவன். இருட்டில் டிரைவருக்கு ஆள் தெரியவில்லை. "காலையில அவன் செக் பண்ணின விமானம் கிளம்பிப் போச்சு. எழுநூறுல அவன் கையெழுத்து இருந்துச்சு. ஆளு இல்லை" என்றார்.

சண்டையில் சாகவில்லை, ஆகவே வீரப் பட்டியலில் வரமாட்டான். விமானத்தில் சாகவில்லை, ஆகவே விபத்துப் பட்டியலிலும் வரமாட்டான். அந்தப் பையனின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை எழுத உரிமையுள்ளவர் மாமா ஒருவர்தான்.

மெய்க்கீர்த்தி பொறித்த அதே தமிழ் நாட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அது மெய்க்கீர்த்தியைவிடப் பழையது. நடுகல். ஊர் மாட்டைக் கள்ளர் ஓட்டிப் போனபோது மறித்துச் செத்தவனுக்கு, ஊரார் ஒரு கல்லை நட்டு, பெயரைப் பொறித்தார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று தொல்காப்பியம் இலக்கணமே சொல்கிறது. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் கிடைத்த கல் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது. செத்தவன் ராஜா அல்ல. மாடு பிடிச் சண்டையில் மாண்டவன். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எஜமானன் விழுந்த பிறகும் கள்ளரைக் கடித்து நின்ற நாய் ஒன்றை அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டினவர்கள் நாம். வழவழப்பான தாளில் ஒரு மின்சாரப் பையனின் பெயரைப் போட நமக்கு இடம் இல்லை.

பெயர்ப் பட்டியல் போட்டுவிட்டால் இலக்கியமாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. ஆயிரம் பெயர்களை வரிசையாக அடுக்கினால் அது வாக்காளர் பட்டியல். ராணுவ ரகசியம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். ஐம்பது வருஷத்துக்கு முந்தி லாரி பின்னோக்கி வந்ததில் என்ன ரகசியம்? நான் கேட்பது பட்டியல் அல்ல, பார்வை. ஜெயங்கொண்டாரைப் பாருங்கள். கலிங்கத்துப்பரணி ராஜாவைப் புகழ எழுந்த நூல்தான். மெய்க்கீர்த்தியின் பெரிய அண்ணன் என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் கவி யுத்தத்தை யார் வாயால் சொல்ல வைக்கிறான்? பசித்துக் கிடக்கிற பேய்களுக்கு நடுவே ஒரு பேயின் வாயால். யுத்தம் முடிந்ததும் நூல் அரண்மனைக்குப் போவதில்லை, சமையற்கட்டுக்குப் போகிறது. பேய்கள் கூழ் காய்ச்சிப் பந்தி வைத்து உண்கின்றன. யுத்தம் என்றால் கடைசியில் யாருடைய வயிறு நிறைகிறது, யாருடைய உடம்பு உலையில் கிடக்கிறது என்பது அந்தக் கவிக்குத் தெரிந்திருந்தது. நம் ஸ்குவாட்ரன் சரித்திரங்களில் சமையற்கட்டே இல்லை.

இதில் நமக்கு, தமிழர்களுக்கு, என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் ராயல் விமானப் படையில் 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 'மதராஸ் ராஜதானி' என்று இருக்கும். இரண்டாவது யுத்தத்தில் நம் ராஜதானி கொடுத்த யுத்த நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். 79-ம் ஸ்குவாட்ரன் 1942-ல் இந்தியாவுக்கே வந்து பர்மா யுத்தத்தில் பறந்தது. அந்த ஸ்குவாட்ரன்களுக்கெல்லாம் சரித்திரம் இருக்கிறது. நிதி கொடுத்தவர்களுக்கு இல்லை. தாலுகா ஆபீசிலிருந்து யுத்த நிதி வசூலுக்கு வந்ததைப் பற்றி என் பாட்டனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொடுக்கிறவன் முகத்தைப் பார்த்தால் கொடையா தண்டமா என்று தெரியாது என்பார். அந்தக் காசு ஸ்பிட்பயராகி இங்கிலீஷ் ஆகாயத்தில் பறந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. கயத்தாற்றிலும், செட்டிநாட்டிலும், உளுந்தூர்ப்பேட்டையிலும் அந்த யுத்த காலத்து ஓடுபாதைகள் கிடக்கின்றன. அவற்றைப் போட மண் சுமந்தவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை.

இன்னொன்று சொல்வதற்குச் சங்கடமானது; ஆனாலும் சொல்ல வேண்டும். 1987 ஜூன் 4-ந் தேதி, பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.32 விமானங்கள், 'மிராஜ்' சண்டை விமானங்கள் காவல் வர, யாழ்ப்பாணத்துக்கு மேலே போய் உணவும் மருந்தும் போட்டன. அந்த நடவடிக்கைக்குப் பெயர் தமிழிலேயே வைத்தார்கள்: 'பூமாலை'. நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 11 இரவு, அதே விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் சிப்பாய்களை இறக்கின. இறங்கிய சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் விடிவதற்குள்ளும் விடிந்த பிறகும் மாண்டார்கள்; ஒருவர் சிறைப்பட்டார். குண்டுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப இறக்கிய விமானிகளின் தைரியம் சாமானியமானதல்ல. படைச் சரித்திரத்தில் இவை இரண்டும் இரண்டு தலைப்புகள். யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் நின்று இரண்டு தடவையும் அண்ணாந்து பார்த்த ஒரு கிழவிக்கு அது ஒரே ஆகாயம். முதல் தடவை அரிசி வந்தது. இரண்டாம் தடவை யுத்தம் வந்தது. விமானத்துக்குள்ளிருந்து எழுதினால் பாதிச் சரித்திரம்தான் கிடைக்கும். மறு பாதி முற்றத்தில் இருக்கிறது. அதைத் தமிழில்தான் எழுத முடியும். தமிழன்தான் எழுத வேண்டும். சிப்பாயின் பக்கமும் கிழவியின் பக்கமும் நிற்கத் தெரிந்தவன் எழுத வேண்டும்.

2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.32 ஒன்று இருபத்தொன்பது பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. சூலூரில் உள்ள 33-ம் ஸ்குவாட்ரனின் விமானம். ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து முந்நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில், மூவாயிரத்து நானூறு மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தார்கள். அந்த ஏழரை வருஷம் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்? ஸ்குவாட்ரன் சரித்திரத்தில் அது ஒரு வரியாக வரும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு நாவல் இருக்கிறது. 2025 செப்டம்பரில் 'மிக் 21' விமானம் அறுபது வருஷ உழைப்புக்குப் பின் சண்டிகரில் விடைபெற்றபோது, ஒரு விமானத்துக்கு எவ்வளவு உருக்கமாக வழியனுப்பு நடந்தது! உலோகத்துக்காக உருகத் தெரிந்த நமக்கு மனிதர்களுக்காகவும் உருகத் தெரிய வேண்டும்.

தமிழில் யுத்தத்தை எழுத ஆள் இல்லாமல் இல்லை. நம் பக்கத்துச் சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம், ஜப்பானியர் காலத்து மலேயாவையும் சுமத்திராவையும் இரண்டு நாவல்களில் எழுதிவிட்டுப் போனார். அவருக்குப் பின் அந்தத் திண்ணை காலியாகக் கிடக்கிறது. இந்தக் கரட்டுக் காட்டில் ஊருக்கு நாலு பேர் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். லடாக்கின் குளிரும், அஸ்ஸாமின் மழையும், என்ஜினின் வெக்கையும் அவர்கள் உடம்பில் இருக்கின்றன. சாயங்காலம் டீக்கடையில் சொல்வார்கள். நாம் சிரித்துக் கேட்டுவிட்டு, 'மிலிட்டரிக்காரர் கதை அளக்கிறார்' என்று எழுந்து போய்விடுவோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாமாவோடு நாற்பது வருஷம் பழகியிருக்கிறேன். எழுநூறாம் நம்பர் படிவத்தைப் பற்றி இந்தச் சித்திரையில்தான் கேட்டேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "என்ன மாப்ளே, நல்ல புஸ்தகமா?" என்று கேட்டார்.

"மெய்க்கீர்த்தி நல்லா எழுதியிருக்காங்க மாமா. மிச்சத்தை நீங்கதான் எழுதணும்" என்றேன். அருப்புக்கோட்டையில் வாங்கிப் போயிருந்த ஒரு நீள நோட்டை அவரிடம் கொடுத்தேன்.

"எனக்கென்ன எழுதத் தெரியும்? கையெழுத்துத்தான் போடத் தெரியும்" என்று சிரித்தார். ஆனால் நோட்டை வாங்கிக்கொண்டார்.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். பதினோரு பக்கம் ஆகியிருக்கிறதாம். முதல் பக்கத்தில் அந்தப் பிகாரிப் பையனின் பெயரும், அவன் ஊரும், அவன் கடைசியாகச் சரிபார்த்த விமானத்தின் நம்பரும் இருக்கின்றனவாம். விமானத்தின் நம்பர் எப்படி இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன்.

"அன்னைக்கு அதுல என் கையெழுத்தும் இருந்துச்சு" என்றார்.